டிவிடெண்ட் வட்டியாகாது: பங்கு வருமானத்தை நம்பி இறங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணி ஓய்வில் கைக்கு வந்த கிராஜுவிட்டியையும் பி.எஃப். பணத்தையும் வைத்துக்கொண்டு, “நல்ல டிவிடெண்ட் தரும் பங்கு நாலு சொல்லுங்கள், மாதச் செலவு ஓடினால் போதும்” என்று கேட்பவர்கள் பெருகி வருகிறார்கள். வங்கி வட்டி குறையும்போதெல்லாம் இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகக் காதில் விழுகிறது. வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்ததைக் கரைக்காமல் வாழ வேண்டும் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். நியாயமான எண்ணம். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு பெரிய தவறு ஒளிந்திருக்கிறது. பிற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் தொகையான டிவிடெண்டை வட்டிபோல எண்ணுவதுதான் அந்தத் தவறு. வைப்புத் தொகைக்கு இன்ன சதவீதம் தருகிறேன் என்று வங்கி ரசீதில் எழுதிக் கொடுக்கிறது. தராவிட்டால் கேட்கலாம், வழக்குப் போடலாம். பங்கில் அப்படி எந்த வாக்குறுதியும் கிடையாது. லாபம் இருந்தால், இயக்குநர் குழு பரிந்துரைத்தால்தான் டிவிடெண்ட். குழு பரிந்துரைத்த தொகையைப் பொதுக்குழுவில் பங்குதாரர்கள் குறைக்கலாம், கூட்ட முடியாது. இந்த ஆண்டு வந்தது அடுத்த ஆண்டும் வரும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

நம் ஊர் நிறுவனம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் 2021-22 நிதியாண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 2 ரூபாய் கொடுத்தது. அடுத்த ஆண்டு 27 ரூபாய். 2023-24க்கு 55 ரூபாய். 2024-ன் மத்தியில் பங்கு விலை 1,000 ரூபாயை ஒட்டி இருந்தபோது வாங்கியவர், ஐந்தரை சதவீத வருமானமும் விலை ஏற்றமும் ஒருசேரக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். 2024-25க்கு வந்த டிவிடெண்ட் 5 ரூபாய். பங்கு விலையும் 2025 மார்ச் தொடக்கத்தில் 500 ரூபாய்க்குக் கீழே போயிருந்தது. நிறுவனத்தில் மோசடியோ நிர்வாகக் கோளாறோ எதுவும் இல்லை. கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரித்து விற்பதில் கிடைக்கும் லாபம் உலகச் சந்தையைப் பொறுத்து ஏறி இறங்கும். அது இறங்கியது, டிவிடெண்டும் இறங்கியது. பிறகு லாபம் திரும்பியபோது விலையும் மீண்டது. காத்திருக்க முடிந்தவருக்கு அதனால் பாதகமில்லை. மளிகைக் கடன் அடைக்க அந்தப் பணத்தை நம்பியிருந்தவருக்கோ அந்த ஓராண்டு பெரும் பாடு.

ஆகவே, டிவிடெண்ட் யீல்டு என்று செயலியில் தெரியும் சதவீதம் போன ஆண்டின் தொகையை இன்றைய விலையால் வகுத்துச் சொல்வது. வரப்போகும் வருமானத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. விலை சரியச் சரிய அந்தச் சதவீதம் தானாகவே பெரிதாகத் தெரியும் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘அதிக யீல்டு தரும் பங்குகள்’ என்று வரும் பட்டியல்களில் முதலிடங்களில் நிற்பவை பல நேரங்களில் சந்தை சந்தேகிக்கும் நிறுவனங்கள்தான். ஐம்பது பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டின் யீல்டு அண்மை ஆண்டுகளில் ஒன்றரை சதவீதத்துக்கும் கீழேதான் இருந்திருக்கிறது. அதைப் போல் ஏழெட்டு மடங்கு ஒரு பங்கில் தெரிந்தால் மகிழ்வதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்.

சுரங்க, உலோக நிறுவனமான வேதாந்தா நல்ல உதாரணம். 2022-23ல் ஆண்டுக் கணக்கு முடியும் முன்பே தரப்படும் இடைக்கால டிவிடெண்டை ஐந்து முறை அறிவித்து, மொத்தம் 101 ரூபாய் 50 காசு கொடுத்தது. அந்த ஆண்டின் பெரும்பகுதியில் பங்கு விலை 300 ரூபாயை ஒட்டியே இருந்தது. மூன்றில் ஒரு பங்கு கையில் வந்துவிட்டதே என்று பலர் மலைத்தார்கள். அந்த ஆண்டு ஈட்டிய லாபத்தைத் தாண்டிய தொகை அது. லண்டனில் இருக்கும் தாய் நிறுவனத்துக்குக் கடன் சுமை இருந்தது. டிவிடெண்டின் பெரும்பகுதி பெரும்பான்மைப் பங்குதாரரான அதற்குத்தான் போனது. அடுத்த ஆண்டு மொத்த டிவிடெண்ட் 29 ரூபாய் 50 காசு. 2023 செப்டம்பர் இறுதியில் பங்கு விலை 210 ரூபாய் அளவுக்கு இறங்கியது. பின்னாளில் அந்த விலையும் ஏறியது என்பது உண்மை. ஆனால் 101 ரூபாயைப் பார்த்து, அதுவே ஆண்டுதோறும் வரும் என்று வாங்கியவருடைய கணக்கு முதல் ஆண்டிலேயே பொய்த்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் ரொக்க ஓட்ட அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும். தொழிலிலிருந்து வந்த ரொக்கம் எவ்வளவு, இயந்திரங்களுக்கும் ஆலைகளுக்கும் செலவிட்டது எவ்வளவு, டிவிடெண்டாகக் கொடுத்தது எவ்வளவு என்று மூன்று வரிகளைப் பாருங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதைவிட மூன்றாவது பெரிதாக இருந்து, அது இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்தால், பணம் கடனிலிருந்தோ பழைய சேமிப்பிலிருந்தோ வருகிறது. ஐந்து ஆண்டு அறிக்கைகளை இப்படிப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். பல லட்சம் போடுவதற்கு முன் அந்த நேரத்தைச் செலவிட மனம் வராதவர்கள் தனிப்பங்குகளை விட்டு ஒதுங்கி, நிஃப்டி போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் குறியீட்டு ஃபண்டுகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பேன்.

சதவீதம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். “550 சதவீத டிவிடெண்ட்” என்று தலைப்பு வந்தால் அது முகமதிப்பின், அதாவது சந்தை விலையோடு தொடர்பில்லாமல் பங்குக்குக் குறித்திருக்கும் மதிப்பின், மீதான சதவீதம். சென்னை பெட்ரோலியம் கொடுத்த அந்த 55 ரூபாய், 10 ரூபாய் முகமதிப்பில் 550 சதவீதம். ஒரு ரூபாய் முகமதிப்புள்ள பங்குக்கு 550 சதவீதம் என்றால் வெறும் ஐந்தரை ரூபாய். சதவீதத்தை மறந்துவிட்டு, பங்குக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் பாருங்கள்.

முதல் நாள் வாங்கி, மறுநாள் விற்பது

டிவிடெண்ட் தேதிக்கு முந்தைய நாள் வாங்கி, தொகை உறுதியானதும் விற்றுவிடலாம் என்று ஒரு யோசனை ஓயாமல் சுற்றி வருகிறது. ஒரு பங்கு 200 ரூபாய், டிவிடெண்ட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்-டிவிடெண்ட் நாள் முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது. அன்று நிறுவனத்தின் கையிலிருந்து 10 ரூபாய் வெளியேறப்போவது எல்லோருக்கும் தெரியும், எனவே விலை ஏறத்தாழ 190 ரூபாயில் தொடங்கும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு அந்தப் 10 ரூபாயில் வரி போக 7 ரூபாய் மிஞ்சும். 200 கொடுத்து 197 வாங்கியதாக முடியும், தரகுக் கட்டணம் தனி. விலை இறங்கிய நஷ்டத்தை வேறு பங்கு லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றால், அதற்கு அப்படியொரு லாபம் இருக்க வேண்டும்.

வரியைப் பற்றிப் பழைய நினைப்பிலேயே இருப்பவர்கள் இன்னும் நிறைய. 2020 மார்ச் வரை நிறுவனமே வரி கட்டிவிட்டு மீதியைக் கொடுத்தது, பெரும்பாலானோருக்கு அந்தத் தொகை வரியில்லா வருமானம். 2020 ஏப்ரல் முதல் அது நம் வருமானத்தோடு சேர்ந்து நம் வரி விகிதத்தில் வரிக்கு உள்ளாகிறது. ஒரு நிறுவனத்திலிருந்து ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீத டிடிஎஸ், அதாவது தொகையைக் கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வரி, பிடிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10,000 ரூபாயாக உயர்ந்தது. பிடித்தம் செய்தது போக வரி பாக்கி இருக்காது என்று எண்ணிக் கணக்குத் தாக்கலில் டிவிடெண்டை விட்டுவிடுபவர்களுக்கு நோட்டீஸ் வருகிறது, ஏனென்றால் பான் எண்ணின் கீழ் எல்லாத் தொகையும் துறைக்குத் தெரியும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத பெரியவர்கள், அதற்கான சுய அறிவிப்புப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்தால் பிடித்தத்தையே தவிர்க்கலாம்.

மியூச்சுவல் ஃபண்டில் டிவிடெண்ட் திட்டம் எடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கொடுக்கப்படும் தொகை உங்கள் யூனிட்டின் மதிப்பிலிருந்தே எடுத்துத் தரப்படுகிறது, கொடுத்த அளவு மதிப்பு குறைகிறது. உங்கள் முதலும் அதில் சேர்ந்து திரும்பக்கூடும் என்பது தெரிய வேண்டும் என்றே 2021 ஏப்ரலில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அந்தத் திட்டங்களின் பெயரை மாற்ற வைத்தது.

பத்துப் பங்கு, ஒரே காற்று

டிவிடெண்ட் தேடிப் போகிறவர்களின் போர்ட்ஃபோலியோக்களைப் பார்த்தால் பெயர்கள் அநேகமாக ஒன்றேதான்: கோல் இந்தியா, ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில், பவர் கிரிட், பி.எஃப்.சி., ஆர்.இ.சி. ஆறு நிறுவனங்கள் இருக்கின்றனவே, பிரித்துத்தானே போட்டிருக்கிறோம் என்பார்கள். நிலக்கரியில் பெரும்பகுதி மின் நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து மின்சாரத்தைக் கடத்துவது பவர் கிரிட். மின்துறைக்குக் கடன் கொடுப்பவை பி.எஃப்.சி.யும் ஆர்.இ.சி.யும், அதிலும் 2019 முதல் ஆர்.இ.சி. பி.எஃப்.சி.யின் துணை நிறுவனம். எல்லாவற்றுக்கும் பெரும்பான்மை உரிமையாளர் மத்திய அரசு. 2024 மே மாதம் திட்டக் கடன்களுக்குக் கூடுதல் ஒதுக்கீடு வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஒரு வரைவை வெளியிட்டவுடன் இந்த இரு கடன் நிறுவனங்களின் பங்குகளும் ஒரே நாளில் சேர்ந்து விழுந்தன. அடுத்த மாதம், ஜூன் 4 தேர்தல் முடிவு நாளில், பொதுத்துறைப் பங்குகள் மொத்தமாகச் சரிந்தன.

பொதுத்துறை நிறுவனங்கள் நன்றாக டிவிடெண்ட் தருவதற்கு அரசுக்கு அந்தப் பணம் தேவைப்படுவதும் ஒரு காரணம். லாபத்தில் 30 சதவீதமாவது கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டுதலே இருக்கிறது. அது சிறு முதலீட்டாளருக்கு வசதிதான், ஆனால் போட்ட முதல் எவ்வளவு குறையலாம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கோல் இந்தியா 2010ல் 245 ரூபாய்க்குப் பொது வெளியீட்டுக்கு வந்தது. பத்து ஆண்டு கழித்து, 2020 அக்டோபரில், 120 ரூபாய்க்கும் கீழே விற்றது. இடையில் வந்த டிவிடெண்டுகள் தாராளம். ஆனாலும் அந்த நேரத்தில் மகள் திருமணத்துக்கு விற்க நேர்ந்தவருக்கு முதலே பாதியாகிப் போயிருக்கும்.

ஆகையால் மாதச் செலவுக்கான பணத்தை முதலில் பத்திரப்படுத்துங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அஞ்சலகத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பு 30 லட்சம் ரூபாயாகவும் வட்டி 8.2 சதவீதமாகவும் உயர்ந்தன. போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் விழும். இதை நிரப்பாமல் பங்கு டிவிடெண்டில் மாத வருமானம் தேடுவது எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை. ஏழெட்டு ஆண்டு தொடாமல் விடக்கூடிய பணம் மட்டுமே பங்குக்குப் போகட்டும், விலைவாசி உயர்வை ஈடுகட்ட அது அவசியமும்கூட.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

“எந்தப் பங்கு வாங்கலாம்?” என்ற கேள்விக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் உடனே பதில் சொன்னால், அந்தப் பதிலைப் பயன்படுத்தாதீர்கள். வயது, மாத வருமானம், கடன், மருத்துவக் காப்பீடு, யார் யார் உங்களை நம்பியிருக்கிறார்கள், பணம் எப்போது தேவைப்படும் என்றெல்லாம் கேட்காமல் சொல்லப்படுவது ஆலோசனையாகாது. செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகருக்கு இவற்றைக் கேட்டறிவது சட்டக் கடமை. அவருடைய பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். பங்கு ஆய்வாளரின் எண் ஐ.என்.எச். என்று தொடங்கும், அவர் பங்கைப் பற்றிச் சொல்வார், அது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்பது அவர் வேலையில்லை. எண்ணைச் செபி இணையதளத்தில் போட்டுப் பார்த்து, பெயர் ஒத்துவருகிறதா என்று உறுதி செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது. கமிஷன் வாங்கி விற்பவர் யார், உங்களிடம் கட்டணம் வாங்கி உங்களுக்காக யோசிப்பவர் யார் என்பதையும் நேரடியாகவே கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

யூடியூபிலும் டெலிகிராமிலும் இலவசமாக வரும் பரிந்துரைகளின் பின்னால் யாருடைய பங்கு விற்பனைக்குக் காத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. 2022 ஜூலையில் சாதனா பிராட்காஸ்ட் என்ற சிறு நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கப்போவதாகப் பொய்யான வீடியோக்கள் வெளிவந்தன. சிறு முதலீட்டாளர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள், முன்பே பங்குகளைக் கையில் வைத்திருந்தவர்கள் ஏறிய விலையில் விற்று வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் செபி உத்தரவு வந்தது, ஆனால் அதற்குள் பணம் கை மாறிவிட்டிருந்தது.

வாங்கிய பங்கு விழும்போது மேலும் மேலும் வாங்கிச் சராசரியைக் குறைக்கச் சொல்வதும் இத்தகைய இலவச ஆலோசனைகளில் ஒன்று. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்த யெஸ் வங்கிப் பங்கை 200, 100, 50 என்று இறங்க இறங்க வாங்கியவர்கள் ஏராளம். அந்த வங்கியும் அப்போது டிவிடெண்ட் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. 2020 மார்ச்சில் பங்கு ஒற்றை இலக்கத்தைத் தொட்டது. மீட்புத் திட்டத்தின்படி நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதம் மூன்று ஆண்டுக்கு விற்க முடியாமல் முடக்கப்பட்டது. விழுந்த பங்கை மீண்டும் வாங்க வேண்டுமானால், இன்று முதன்முறையாகப் பார்த்தால் இதை வாங்குவேனா என்று கேட்டு, ஆம் என்ற பதில் வந்தால் மட்டுமே வாங்கலாம்.

இறுதியாக, காகித வேலை. இதை அலட்சியப்படுத்துவதால் எந்தச் சரிவும் இல்லாமலேயே பணம் கைவிட்டுப் போகிறது. ஏழு ஆண்டு கேட்கப்படாத டிவிடெண்ட், முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் கேட்கப்படாவிட்டால் பங்குகளும் அங்கே போய்ச் சேரும். திரும்பப் பெறலாம், அதற்கான படிவமும் ஆவணங்களும் ஆளை அலைக்கழிக்கும். வீடு மாறியபோது, வங்கிக் கிளைகள் இணைந்து குறியீட்டு எண் மாறியபோது, விவரத்தைப் புதுப்பிக்காததே பெரும்பாலும் காரணம். அப்பா காலத்துக் காகிதப் பங்குச் சான்றிதழ் பீரோவில் இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். பான், வங்கி விவரம் சேர்க்காத காகிதப் பங்குகளுக்கு 2024 ஏப்ரல் முதல், விவரம் கொடுத்த பிறகே டிவிடெண்ட் வழங்கப்படுகிறது. நாமினி பெயர் போட்டிருப்பதோடு நிற்காமல் உயிலும் எழுதி வைப்பது நல்லது. நாமினியாக இருப்பதால் மட்டும் பங்குகள் அவருக்கே சொந்தமாகிவிடாது, வாரிசுரிமைச் சட்டமே மேலோங்கும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.