காட்டாற்றில் கயாக்: வேலூர்க்காரர்கள் எங்கிருந்து தொடங்குவது?

பாலாற்றில் மணல் தெரியாத நாட்கள் எத்தனை என்று நமக்கே தெரியும். இந்த ஊரில் இருந்துகொண்டு கயாக் (உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் குறுகலான சிறு படகு) பழகப் போகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். மலையிடுக்கில் பாய்ந்து இறங்கும் ஆற்றுக்குத் தேவையான பழக்கங்களில் பாதியை ஓடாத தண்ணீரில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

படி 1: கவிழ்ந்தால் வெளியே வருவது

ஓட்டுவதைவிட இதுதான் முதல் பாடம். கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு வசதி உண்டு: தண்ணீருக்குள் தலை போனாலும், மூக்கில் ஏறினாலும் பதற மாட்டார்கள். ஆனால் கிணற்றில் படகு இறக்க முடியாது, நீச்சல் குளம்தான் சரி. கோட்டை அகழி தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, அந்த ஆசையே வேண்டாம்.

கயாக்கில் உட்கார்ந்ததும் உள்ளே தண்ணீர் புகாமல் இருக்க, இடுப்பைச் சுற்றி, படகின் வாயை மூடும் பாவாடை போன்ற ஸ்பிரே ஸ்கர்ட்டை மாட்டுவோம். அதன் முன்பக்கத்தில் ஒரு வளையம் இருக்கும். மாட்டியதும் அந்த வளையம் வெளியே கிடக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே மடிந்துவிட்டால், கவிழ்ந்த நேரத்தில் இழுக்க எதுவும் கிடைக்காது.

கவிழ்ந்ததும் உடலை முன்னால் வளைத்துப் படகோடு ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னால் சாய்ந்தால் முகம் பாறையில் அடிபடும். படகின் வயிற்றில் இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள்; பக்கத்தில் நிற்பவருக்கு அது அடையாளம், உங்களுக்கும் நிதானம் வரும். வளையத்தை முன்பக்கம் தள்ளி இழுத்தால் ஸ்கர்ட் கழன்றுவிடும். அப்புறம் இரண்டு கையையும் இடுப்புக்குப் பக்கத்தில் ஊன்றி, பேன்ட்டைக் கழற்றுவதுபோல் படகைக் காலிலிருந்து உருவ வேண்டும். மார்பளவுத் தண்ணீரில், அருகில் ஒருவர் நிற்க, கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள். படகோடு உருண்டு நிமிரும் வித்தையெல்லாம் அதற்குப் பிறகு.

படி 2: துடுப்பும் இடுப்பும்

துடுப்பைக் கையால் மட்டும் இழுத்தால் தோள் போய்விடும். உடம்பைத் திருப்பி வலியுங்கள். இடுப்பை அசைத்துப் படகை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நிலையாக இருக்கவும் பழகுங்கள், படி 4-ல் வேண்டும்.

படி 3: பாலாற்று வெள்ளத்தில் இறங்காமல் இருப்பது

இதையும் ஒரு படியாகவே வைக்கிறேன். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு ஆசை வரும். தடுப்பணைகளையும் வாலாஜா பக்கம் இருக்கும் பாலாற்று அணைக்கட்டையும் நினைத்துப் பாருங்கள். சுவர் மேல் வழிந்து விழும் தண்ணீர் அடியில் போய், மேலெழுந்து, மறுபடியும் சுவரை நோக்கியே திரும்பும். கரைக்குக் கரை ஒரே சீராக இருப்பதால் அந்தச் சுழற்சியில் சிக்கியவருக்கு ஒதுங்க இடமே கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் சின்னப் படிக்கட்டு மாதிரிதான் தெரியும், அதுதான் ஆபத்து.

படி 4: ஓடும் தண்ணீரைப் படிப்பது

ஆறுகளின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். தொடக்கம் 1, 2-ல்தான், அதுவும் பயிற்சியாளரோடு. இருவழிஞ்சிப்புழையும் சாலிப்புழையும் ஓடும் கோழிக்கோடு கோடஞ்சேரிப் பகுதி நமக்குக் கைக்கெட்டும் தூரம். காட்பாடியில் இரவு மங்களூர் மெயில் ஏறினால் காலையில் கோழிக்கோடு. தென்மேற்குப் பருவமழைதான் அங்கே பருவம்.

தண்ணீரின் மேல் 'வி' வடிவம் தெரியும். அதன் கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் இரண்டு பாறைகளுக்கு நடுவே வழி இருக்கிறது. முனை உங்களைப் பார்த்து இருந்தால் அங்கே பாறை ஒளிந்திருக்கிறது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கி, மேல்நோக்கித் திரும்பும் இடத்துக்கு எடி என்று பெயர். காட்டாற்றில் நிறுத்த இடம் அதுதான். வேகமாக வந்து, எடியின் மேல்முனைக்குப் பக்கத்திலேயே படகின் மூக்கை நுழைத்து, திரும்பும் பக்கமாகச் சாயுங்கள். மறுபடி ஓட்டத்துக்குள் வரும்போது ஆறு போகும் திசைப் பக்கம் சாய வேண்டும். மாற்றிச் சாய்ந்தால் தண்ணீர் விளிம்பின் மேலேறி நொடியில் கவிழ்த்துவிடும். ஒருவர் எத்தனை வேகமாக இறங்குகிறார் என்பதை நான் பார்ப்பதில்லை, நினைத்த எடியில் நிற்கிறாரா என்றுதான் பார்ப்பேன்.

படி 5: மலையிடுக்கு

இரு பக்கமும் செங்குத்துப் பாறை என்பதால் நடுவில் கரையேற முடியாமல் போகலாம். மேலே எங்கோ மழை பெய்தால் குறுகிய இடத்தில் நீர்மட்டம் சட்டென்று ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நாலு மடங்கு. அதனால் எடிக்கு எடி தாவித்தான் போக வேண்டும். வளைவுக்கு அப்பால் தெரியவில்லையா, இறங்கி நடந்து பாருங்கள். குறுக்கே மரம் விழுந்திருந்தால் தண்ணீர் கிளைகளுக்கிடையே போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். அங்கே படகைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிப் போவதில் வெட்கமே இல்லை.

முன்னால் போனவர் துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்தால் வரலாம், படுக்கையாகப் பிடித்தால் நில். மூன்று விசில் என்றால் உதவி வேண்டும். ஆற்றில் விழுந்தால் மல்லாந்து, கால் முன்னே இருக்க மிதந்து வாருங்கள். ஓட்டத்தில் எழுந்து நிற்கவே கூடாது, பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் முதுகில் அழுத்திக் கவிழ்த்துவிடும். உங்களைக் காப்பாற்ற யாராவது கயிற்றுப் பை (கயிறு திணித்த பை) வீசினால் பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.