கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்' வந்திருந்தால்

நுண்ணுயிரியல் லேபில் எனக்குப் பதினாறு வருஷ வேலை. கிருமி வளர்க்கும் தட்டில் வளர்ந்திருப்பதன் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்தே இது இன்ன கிருமியாக இருக்கும் என்று பாதி சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் இரண்டாவது கர்ப்பத்தின் 14-ஆவது வாரத்தில் கொடுத்த யூரின் சாம்பிளுக்கு வந்த பதில்: 'பல கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறுபடி சாம்பிள் தரவும்.' நானே நாள் தவறாமல் யாருக்காவது எழுதி அனுப்புகிற வரி! வேலை அவசரத்தில் சுத்தம் செய்யாமல், முதலில் வந்ததையே பிடித்துக் கொடுத்திருந்தேன். ரிப்போர்ட்டில் 'ஆர்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது என்று அர்த்தம். அதைப் படிப்பதற்கு முன் சாம்பிளை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும், அதனால் புட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, பிறகு எதற்கு கல்ச்சர் (சிறுநீரில் இருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) என்று கேட்பவர்கள் உண்டு. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். மற்றவர்களுக்கு இப்படி இருந்தால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. கர்ப்பத்தில் கதை வேறு. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை அவற்றை அழுத்துகிறது, நீர் தேங்குகிறது, கிருமி சிறுநீரகம் வரை ஏற வழி கிடைக்கிறது. அங்கே தொற்று வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும், குறைமாதப் பிரசவ வலியும் வரலாம். அதனால்தான் முதல் சில மாதங்களுக்குள் ஒரு தடவை கல்ச்சர் பார்த்துவிடச் சொல்கிறார்கள்.

சரி, சாம்பிள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறப்புறுப்பைத் தண்ணீரால் சுத்தம் செய்து, முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். ஒரு கையால் இதழ்களை விலக்கிப் பிடித்தபடியே முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் புட்டியில் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கவிழ்த்து வைப்பவர்கள்தான் அதிகம். மல்லாத்தி வையுங்கள்.

பிடித்த சாம்பிள் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். முடியாதென்றால் ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். ஈ.கோலை கிருமிக்குத் தோதான சூடு இருந்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். கைப்பையில் மதியம் வரை கிடந்த புட்டியில் நாங்கள் எண்ணுவது உங்கள் உடம்பில் இருந்த கிருமியை அல்ல, பையில் வளர்ந்ததை. இன்னொன்று: ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே சாம்பிளைக் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத் தாளில் கர்ப்பிணி, எத்தனையாவது வாரம், கடந்த மூன்று மாதத்தில் என்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஏன் என்பது ரிப்போர்ட்டைப் படிக்கும்போது புரியும்.

இரண்டாவது தடவை ஒழுங்காகக் கொடுத்தேன். ஒரே வகைக் கிருமி, ஈ.கோலை, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அந்த எண்ணிக்கைதான் வழக்கமான எல்லைக்கோடு. அடுத்த நாள் காலை இன்குபேட்டரைத் திறந்து என் தட்டை நானே வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தேன். மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் இருக்க வேண்டும். பல வில்லைகளைச் சுற்றி வட்டமே இல்லை. கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த வில்லை நடுவில் இருந்தது. பக்கத்தில் இருந்த செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக் வில்லையின் தெளிந்த பகுதி அந்தப் பக்கமாக மட்டும் நீண்டு, பூட்டின் சாவித்துளை மாதிரி தெரிந்தது. அந்த வடிவத்தைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தேகமே வராது. இ.எஸ்.பி.எல். என்கிற நொதியைச் செய்யும் கிருமி அது. பென்சிலினையும் பெரும்பாலான செஃபலோஸ்போரின்களையும் உடைத்துப் போட்டுவிடும். கிளாவுலானிக் அமிலம் நொதியின் வாயைக் கட்டுவதால்தான் அந்தப் பக்கம் மட்டும் மருந்து வேலை செய்கிறது. எத்தனையோ பேர் தட்டில் பார்த்த துளைதான். லேபிளில் என் பெயர் இருந்ததால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது ரிப்போர்ட். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், ஆர் என்றால் கட்டுப்படாது. ஐ என்பது இடைப்பட்டது. ஐரோப்பிய விதிகளின்படி எழுதும் லேபில் 'அளவைக் கூட்டிக் கொடுத்தால் கட்டுப்படும்' என்று அர்த்தம். ஆர் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். அது நோயின் தீவிரத்தைக் காட்டுவது அல்ல, எந்தெந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பதை மட்டும் காட்டுவது. ஒரு பெண் கவுன்ட்டரில் தாளை நீட்டி, "அக்கா, ஒன்பது ஆர் வந்திருக்கு, குழந்தை தங்குமா?" என்று அழுதாள். அவளுக்குக் காய்ச்சல்கூட இல்லை. கீழே மூன்று எஸ் இருந்தன. எஸ்ஸை எண்ணும்மா என்றேன்.

பக்கத்தில் இருக்கும் எம்.ஐ.சி. எண்களை (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) பார்த்து, சிறிய எண்தான் நல்ல மருந்து என்று ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு.

முக்கியமான விஷயம் இது: எஸ் என்று இருப்பதெல்லாம் உங்களுக்குக் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. தட்டில் இருந்தது கிருமி மட்டும்தான், குழந்தை இல்லை. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிரே எஸ் இருந்தாலும் கர்ப்பத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். டாக்ஸிசைக்ளின் குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கலாம் என்பதால் தவிர்ப்பார்கள். டிரைமெத்தோபிரிம் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதால் முதல் மூன்று மாதத்தில் தவிர்ப்பார்கள். நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீர்ப்பைக்கு நல்ல மருந்து, ஆனால் பிரசவம் நெருங்கும்போது கொடுப்பதில்லை. குழந்தையின் சிவப்பணுக்கள் உடையலாம். முதல் மூன்று மாதத்திலும் வேறு மருந்து இருந்தால் அதைத்தான் தேடுவார்கள். வாரத்தை எழுதச் சொன்னது இதற்குத்தான். சிறுநீர்ப்பைக்கு இன்னொரு மருந்து ஃபாஸ்ஃபோமைசின்: 3 கிராம், தண்ணீரில் கரைத்து ஒரே வேளை. சிறுநீரகம் வரை தொற்று போய்விட்டால் நைட்ரோஃப்யூரன்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும் போதாது. அப்போது இ.எஸ்.பி.எல். கிருமிக்கு மெரோபெனம் மாதிரி ஊசிதான், அதைக் கர்ப்பத்திலும் கொடுக்கிறார்கள்.

டாக்டரிடம் நான் கேட்டவை மூன்று. இந்த மருந்து என்னுடைய வாரத்துக்குச் சரியா? எத்தனை நாள்? மறு கல்ச்சர் எப்போது? பென்சிலின் அலர்ஜி என்று சின்ன வயதில் யாரோ சொன்னது உங்கள் ஃபைலில் இருந்தால், அன்று என்ன ஆனது என்றும் சொல்லுங்கள். அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் அலர்ஜி இருப்பதில்லை, இந்த நேரத்தில் ஒரு நல்ல மருந்து வீணாகிவிடும்.

எனக்கு நைட்ரோஃப்யூரன்டாயின், ஏழு நாள், சாப்பாட்டோடு. சிறுநீர் பழுப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். ஐந்தாம் நாள் குமட்டல் தாங்காமல் நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். போன் செய்து கேட்டேன், தொடரச் சொன்னார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையைத் தொடவே வேண்டாம். நடுவில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இடுப்புக்கு மேல் விலாப் பக்கம் வலி, வாந்தி, விட்டுவிட்டு வயிறு இறுகுவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

மருந்து முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் மறு கல்ச்சர். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்; தொந்தரவே இல்லாமல் வந்த கிருமி போய்விட்டதா என்று கல்ச்சர் பார்க்காமல் எப்படித் தெரியும்? எனக்கு வளர்ச்சி இல்லை என்று வந்தது. ஆனால் இந்தக் கிருமி குடலில் தங்கியிருக்கலாம். அதற்கென்று ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை. அதனால் அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிரசவ நேரத்தில் உங்களுக்கோ பிறந்த பிறகு குழந்தைக்கோ காய்ச்சல் வந்தால், புது கல்ச்சர் வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் எந்த மருந்தில் தொடங்குவது என்று முடிவு செய்ய அந்தத் தாள் உதவும். நான் அதை ஸ்கேன் ரிப்போர்ட்டுகளுக்கும் மேலே, ஃபைலைத் திறந்ததும் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். அட்மிஷனில் நர்ஸ் ஃபைலைத் திறந்து, "இது எதுக்கு முதல்ல இருக்கு?" என்றார். படிச்சுப் பாருங்க சிஸ்டர் என்றேன்.