போர்ஷே 944 டர்போ: பிரித்துக் கட்டிய இன்ஜினைக் காரில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரித்துக் கட்டிய இன்ஜின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதுமே தட்டத் தொடங்கினால், பழி பெரும்பாலும் அதைக் கட்டிய மெக்கானிக்கின் தலையில் விழுகிறது. போர்ஷே 944 டர்போவைப் பொறுத்தவரை அந்தப் பழியில் பெரும்பகுதி அதை ஏற்றியவருக்குப் போக வேண்டியது என்பது என் கருத்து. 1985இல் வெளிவந்து 1991இல் நிறுத்தப்பட்ட கார் இது. இன்ஜினுக்குள் இருக்கும் பியரிங்கும் ரிங்கும் சீலும் புதியவையாக இருக்கலாம். ஆனால் அந்த இன்ஜினோடு வந்து இணையும் ஆயில் குழாய், கூலர், ரப்பர் ஹோஸ், ஒயர், ரிலே ஆகியவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் சூட்டில் வெந்தவை. போதாக்குறைக்கு, முந்தைய இன்ஜின் எதனால் கெட்டதோ அதன் மிச்சமும் அவற்றுக்குள்தான் தங்கியிருக்கிறது.

காரின் அமைப்பைச் சற்று நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருபவை எளிதில் விளங்கும். 2479 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின், வலப்புறமாகச் சாய்ந்து முன்பக்கம் அமர்ந்திருக்கிறது. கியர்பாக்ஸோ பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிறது. இரண்டையும் ஒரு நீண்ட குழாயும் அதற்குள் சுழலும் தண்டும் இணைக்கின்றன. கம்ப்ரெஷன் விகிதம் 8.0. தொடக்கத்தில் 220 குதிரைத்திறனும், 1988இன் டர்போ எஸ் வகையிலும் அதற்கடுத்த ஆண்டு முதல் எல்லா டர்போக்களிலும் 250 குதிரைத்திறனும் கிடைத்தன. எக்ஸாஸ்ட் வலப்பக்கம் வெளிவருகிறது. டர்போவோ இடப்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. சூட்டிலிருந்து விலக்கி வைப்பதற்கு நல்ல இடம்தான். கைவிட்டு வேலை செய்வதற்கு மிக மோசமான இடம்.

இன்ஜினைக் கட்டும் வேலை இங்கே பொருள் அல்ல என்றாலும், ஏற்றுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். இந்த பிளாக்கில் சிலிண்டருக்குள் செருகும் இரும்பு உறை, அதாவது லைனர், கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியத்திலேயே சிலிண்டர் சுவர் அமைந்திருக்கிறது, பிஸ்டன்களுக்கு இரும்புப் பூச்சு இடப்பட்டிருக்கிறது. சிலிண்டரைக் கடைந்திருந்தால், மேற்பரப்பில் உள்ள அலுமினியத்தை மிக நுண்மையாக இறக்கி, சிலிக்கான் துகள்கள் மட்டும் வெளியே நிற்கும்படி செய்ய வேண்டும். வார்ப்பிரும்பு பிளாக்குக்குச் செய்வதுபோல் சாதாரண ஹோனிங் கல்லை விட்டுத் தேய்த்திருந்தால் அந்தச் சுவர் நிலைக்காது. கடைசல் பட்டறையில் என்ன முறையில் செய்தார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இன்ஜினைத் தூக்கிக் காரில் வைப்பது, மொத்த உழைப்பையும் சூதாட்டத்தில் வைப்பதற்குச் சமம்.

மிகப் பெரிய தவறு, பழைய ஆயில் கூலரை அப்படியே மாட்டுவது. இந்த இன்ஜின் சாகும்போது பெரும்பாலும் இரண்டாம் சிலிண்டரின் கனெக்டிங் ராட் பியரிங்தான் முதலில் போகும் என்பது 944 வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்தது. பியரிங் தேய்ந்து உதிர்ந்த உலோகத் துகள்கள் ஆயிலோடு சேர்ந்து, காரின் மூக்குப் பகுதியில் காற்றுபட வைக்கப்பட்டிருக்கும் கூலருக்குப் போய், அதன் மெல்லிய தடங்களில் தங்கிவிடுகின்றன. கூலருக்குப் போகும் வழியை ஒரு தெர்மோஸ்டாட் அடைத்து வைத்திருக்கிறது. ஆயில் நன்றாகச் சூடான பிறகுதான் அது திறக்கும். எனவே பட்டறையில் நிறுத்தி வைத்து ஓட்டிப் பார்க்கும் கால் மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஆயில் அழுத்தம் அருமையாக இருக்கும், சத்தமும் இருக்காது. நெடுஞ்சாலையில் ஓட்டி, ஆயில் சூடேறி, தெர்மோஸ்டாட் திறந்த பிறகே பழைய பியரிங்கின் சாம்பல் புதிய இன்ஜினுக்குள் வந்து சேர்கிறது. பெட்ரோலும் அழுத்தக் காற்றும் விட்டு எத்தனை முறை கழுவினாலும் அந்தத் தடங்கள் முழுதாகச் சுத்தமாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பியரிங் போனதால் இறக்கிய இன்ஜின் என்றால் புதிய கூலர்தான் வழி. குழாய்களைக் கழுவலாம், அதுவும் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்து.

இதோடு சேர்ந்த ஒரு சிறு குறிப்பு: புதிய கூலர் காலியாக இருக்கும். தெர்மோஸ்டாட் முதல் முறை திறந்ததும் அது ஆயிலைக் குடித்துக்கொள்ளும் என்பதால், குளிர்ந்த நிலையில் சரியாக இருந்த அளவு சூடான பிறகு குறைந்திருக்கும். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் அளவுக்கோலை மறுபடி பார்க்காமல் விடக்கூடாது.

டர்போவுக்கு வருவோம். இதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அது பியரிங்கில் படாமல் மிதப்பது ஆயில் படலத்தில்தான். பழைய ஆயில் ஊட்டும் குழாயின் உட்புறத்தில் கருகிய ஆயில் படிந்து, துவாரம் பாதியாகச் சுருங்கியிருக்கக்கூடும். அந்தக் குழாயையே புதிய டர்போவுக்கும் மாட்டுவது வழக்கமான தவறு. அதைவிட வழக்கமானது கேஸ்கெட் பேஸ்டைத் தாராளமாகப் பூசுவது. இணைப்பு ஃபிளாஞ்சில் வெளிப்பக்கம் பிதுங்கி நிற்கும் பேஸ்டைக் கண்டு திருப்திப்படுகிறோம். அதே அளவு உட்பக்கமும் பிதுங்கியிருக்கும், அது உதிர்ந்து போய் ஊட்டும் துவாரத்தையோ திரும்பும் குழாயையோதான் அடைக்கும். திரும்பும் வழி அடைபட்டால் ஆயில் டர்போவின் சீலைத் தாண்டி எக்ஸாஸ்டில் இறங்கி நீலம் கலந்த வெண்புகையாக வெளிவரும். உடனே "ரிங் உட்காரவில்லை" என்று இன்ஜினைச் சந்தேகிப்பார்கள். இந்த இடத்துக்கு அதற்குரிய கேஸ்கெட் போதும், பேஸ்ட் வேண்டியதில்லை.

இன்டேக் மேனிஃபோல்டு மாட்டிய பிறகு டர்போவின் ஆயில் இணைப்புகளையோ தண்ணீர் இணைப்புகளையோ எட்டவே முடியாது என்பதால், மேனிஃபோல்டை வைப்பதற்கு முன்பே எல்லாக் கிளாம்ப்பையும் ஒரு முறை கையால் தொட்டு, ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஊட்டும் குழாயை இறுக்குவதற்கு முன் அந்தத் துவாரத்தில் சுத்தமான ஆயிலை ஊற்றி, கம்ப்ரெஷர் சக்கரத்தை விரலால் சில சுற்று சுற்றிவிடுவது இரண்டு நிமிட வேலை. இன்ஜினை அணைத்த பிறகும் டர்போவின் வழியாகத் தண்ணீரை ஓடவிடும் சிறிய மின் பம்ப் ஒன்று இந்தக் காரில் உண்டு; அது உயிரோடு இருக்கிறதா என்று பேட்டரியில் இணைத்துப் பார்ப்பதற்கும் இதுவே தருணம்.

அடுத்தது, இன்ஜினும் பின்னால் வரும் குழாயும் சேருமிடம். கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் எக்ஸாஸ்டையும் கியர்பாக்ஸையும் கழற்றி, அந்த நீண்ட குழாயைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய கார் இது. இன்ஜின் வெளியே இருக்கும்போது கிளட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் "தட்டில் இன்னும் கனம் இருக்கிறது" என்று சிக்கனம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மூல கிளட்ச் தட்டின் நடுவில் இருப்பது ரப்பர். தேய்மானம் எப்படி இருந்தாலும் அந்த ரப்பர் வயதாகி ஒரு நாள் பிய்ந்துகொள்ளும், கார் நடுவழியில் நிற்கும். தட்டை நடுப்படுத்தும் கருவியை வைத்து மையம் பார்த்துவிட்டால் இன்ஜின் கைத்தள்ளலிலேயே பொருந்தி உட்கார வேண்டும். இடைவெளி மூடவில்லை என்றால் மையம் தப்பியிருக்கிறது என்று பொருள். போல்ட்டை மாறி மாறி இறுக்கி இழுத்துக்கொள்வது தண்டின் பற்களைக் கெடுக்கும் வழி.

கிளட்ச்சையும் ஃப்ளைவீலையும் மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் மேல், இன்ஜினுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இருட்டில், இரண்டு சென்சார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று ஃப்ளைவீலின் பற்களை எண்ணுகிறது. மற்றொன்று, சுற்றுக்கு ஒரு முறை கடந்து செல்லும் ஒரு சிறு திருகைப் பார்த்து, கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, பிளக்குகளும் ஒன்றே. மாற்றிச் செருகிவிட்டால் இன்ஜின் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பற்றாது. இன்ஜினை இறக்கும்போதே இரண்டு ஒயர்களிலும் வண்ண டேப் சுற்றி வைப்பது ஒரு ரூபாய் வேலை. மறந்தவர்கள் பெட்ரோல் பம்ப் முதல் கணினிப் பெட்டி வரை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். சென்சாரின் முனைக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையில் 0.8 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்தக் குழிக்குள் ஃபீலர் கேஜ் நுழையாது. எனவே 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள வாஷர் ஒன்றைச் சென்சார் முனையில் பசையால் ஒட்டி, பல்லின் மேல் படும்வரை இறக்கி, தாங்கியின் போல்ட்டை இறுக்கிவிட்டு, சென்சாரை வெளியே எடுத்து வாஷரைப் பிரித்துவிட்டு மீண்டும் போடுவார்கள். கிரீஸில் ஒட்ட வைத்தால் வாஷர் பெல் ஹவுசிங்குக்குள் விழுந்துவிடும். பிறகு என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்டார்ட் செய்யும்போது ஆர்பிஎம் முள் லேசாகத் துடித்தால் பற்களை எண்ணும் சென்சார் வேலை செய்கிறது. முள் அசையவே இல்லையென்றால் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

முன்பக்கம் இரண்டு பெல்ட்கள். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டினாலும் ஆபத்து, ஏனெனில் இந்த இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதை எல்லோரும் கவனமாகவே வைக்கிறார்கள். கோட்டை விடுவது இரண்டாவது பெல்ட்டில். கிராங்கைவிட இரு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் இரண்டு பேலன்ஸ் தண்டுகளை அது ஓட்டுகிறது. அவற்றின் பல்சக்கரங்களில் சாவிக்கட்டை உட்கார இரண்டு பள்ளங்கள் இருக்கும். ஒன்றில் ஓ என்ற எழுத்து, மற்றொன்றில் யூ என்ற எழுத்து. ஜெர்மன் மொழியில் மேல், கீழ் என்பவற்றின் முதலெழுத்துகள் அவை. மேல் தண்டுக்கு ஒன்று, கீழ்த் தண்டுக்கு மற்றொன்று. இது தெரியாமல் கையில் வந்தபடி மாட்டினால், அதிர்வைத் தணிக்க வேண்டிய தண்டுகளே அதிர்வை உண்டாக்கும்; அதற்கு இன்ஜின் மவுண்ட்டைக் குற்றம் சொல்லிப் பணம் செலவழிப்பார்கள். மவுண்ட்டும் திரவம் நிரம்பியது, எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருப்பது சூட்டில் சீக்கிரம் தொய்ந்துவிடும் என்பது உண்மைதான். ஏற்றும்போதே இரண்டையும் மாற்றிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

எர்த் பட்டை, பெட்ரோல் ஹோஸ், காற்றுக் கசிவு மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்ஜினிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் பட்டையை மறந்தால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய வழிகளைத் தேடிப் போகும். பெட்ரோல் ரெயிலுக்கு வரும் பழைய ரப்பர் ஹோஸ்களைத் திரும்ப மாட்டுவது தீயை அழைப்பதே. காற்றளவுப் பெட்டிக்குப் பின்னால் வரும் வளைந்த ரப்பர் குழாயும் இன்டர்கூலர் இணைப்புகளும் கசிந்தால் கணினியின் கணக்கு தப்பும். காற்று நுழையும் வாயை அடைத்து, அரை பார் அழுத்தக் காற்று விட்டு, சோப்பு நீர் தெளித்துப் பார்த்த பிறகே முதல் ஸ்டார்ட். இன்டர்கூலருக்குள் பழைய டர்போ கக்கிய ஆயிலோ உடைந்த இறகின் துணுக்கோ கிடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜின் கணினிக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் தரும் டி.எம்.இ. ரிலேயை உருவிவிட வேண்டும். அந்த ஒரு ரிலே போனால் பெட்ரோலும் இல்லை, தீப்பொறியும் இல்லை. பிறகு பத்துப் பத்து விநாடியாகச் சுற்றி, ஆயில் அழுத்த முள் எழுந்து நிற்கும்வரை பொறுக்க வேண்டும். இருக்கிற பொறுமையெல்லாம் தீர்ந்து போயிருக்கும் கட்டம் இது என்பதால்தான் பலர் நேரே சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். பியரிங்குக்கு அந்த முதல் அரை நிமிடம் உலர்ந்த ஓட்டமாகிவிடுகிறது. ரிலேயைத் திரும்பப் போடுவதற்கு முன் அதன் வயதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஈயப்பற்று வெடித்து, சூட்டில் மட்டும் தொடர்பு விட்டுப்போவது இந்தக் காரின் பழைய நோய். தண்ணீர் நிரப்பும்போது ஹீட்டரைத் திறந்து வைத்து, காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழியில்லாமல் தண்ணீர் மட்டும் வரும்வரை விட வேண்டும்.

இன்ஜின் பற்றியதும் ஐடிலில் விட்டு மணிக்கணக்காக ரசிப்பது தவறு, ஏனெனில் சுமை இல்லாமல் ரிங் உட்காராது. முதல் நாளே முழு பூஸ்ட், அதாவது டர்போ தரும் முழுக் காற்றழுத்தம், வைப்பதும் தவறு. பூஸ்ட் முள்ளைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. இந்தக் காரின் மீட்டர் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுவது. நின்றிருக்கும்போதே முள் 1இல் இருக்கும். 220 குதிரைத்திறன் காரில் உச்சம் ஏறத்தாழ 1.75, அதாவது உண்மையான பூஸ்ட் 0.75 பார்தான். "1.75 பார் பூஸ்ட்" என்று தவறாகப் புரிந்துகொண்டு, வெளியில் மாட்டிய மீட்டரில் அந்த எண்ணைப் பிடிக்க பூஸ்ட்டை ஏற்றினால் ஹெட் கேஸ்கெட் தாங்காது. மீட்டரில் 1.3ஐத் தாண்டாமல், வேகத்தை மாற்றி மாற்றி, மிதமான சுமையில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டுவதே என் பரிந்துரை.

முதல் ஆயிலை ஐம்பது கிலோமீட்டருக்குள் வடித்து, ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பார்க்க வேண்டும். கட்டும்போது பூசிய உயவுப் பசையின் சாம்பல் நிறம் இருந்தால் பரவாயில்லை. நகத்தில் எடுத்தால் மின்னும் செதில்கள் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மூவாயிரம் கிலோமீட்டரை எட்டுவதற்குள் பெல்ட் மூடியைத் திறந்து, தளர்ந்திருக்கும் பெல்ட்களின் இறுக்கத்தை அதற்குரிய அளவியால் மறுபடி பார்க்க வேண்டும். கட்டை விரலால் திருகிப் பார்த்துச் சொல்லும் கணக்கு இங்கே போதாது. அப்போது பெல்ட்டின் ஓரத்தில் ஆயில் ஈரம் தெரிந்தால், முன்பக்கச் சீல்களில் ஒன்று சரியாக உட்காரவில்லை. ஆயிலில் ஊறிய பெல்ட்டைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டாமல், சீலோடு சேர்த்து அதையும் மாற்ற வேண்டும்.