ஹோட்டல் ரிசப்ஷன் வேலைக்கு இங்கிலீஷ்: எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

கிராமர் புக் வாங்கி முதல் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சா பாதிகூடத் தாண்ட மாட்டோம், அதனால அத இப்போதைக்கு ஓரமா வச்சிடுங்க. மாமல்லபுரம், ஈசிஆர், புதுச்சேரி, கொடைக்கானல்னு ஹோட்டல், ரிசார்ட்ல ஃப்ரண்ட் ஆபீஸ் வேலைக்குப் புதுசா வர்ற பசங்க, பொண்ணுங்க நிறைய பேரு தமிழ் மீடியத்துல படிச்சவங்க. வேலைய சூப்பரா கத்துக்கிறாங்க, ஆனா ஒரு வெளிநாட்டு கெஸ்ட் கவுண்டர் பக்கம் வந்தா பின்னாடி ரூமுக்குள்ள போயிடுறாங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

ஒரு நாள் முழுக்க கவுண்டர்ல என்னென்ன நடக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. செக் இன், வைஃபை பாஸ்வேர்டு, ஏசி ஓடல, சுடுதண்ணி வரல, பிரேக்ஃபாஸ்ட் எத்தன மணிக்கு, டாக்ஸி வேணும், ஷோர் டெம்பிள் நடந்து போற தூரமா, பில்லு, செக் அவுட். திரும்பத் திரும்ப இதேதான் வரும். இதுக்கு வேண்டிய வாக்கியங்கள மட்டும் வாய்க்குப் பழக்கிட்டா வேலையில முக்கால்வாசி ஓடிடும், மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்.

முதல்ல சரி பண்ண வேண்டியது மரியாதை. தமிழ்ல நம்ம மரியாதை எல்லாம் கடைசியில வர்ற அந்த 'ங்க'ல இருக்கு. 'உக்காருங்க', 'இருங்க', 'சொல்லுங்க'ன்னா போதும், அதவிடப் பணிவா என்ன சொல்றது? ஆனா அதையே அப்படியே தூக்கிட்டுப் போயி 'சிட்', 'வெய்ட்', 'டெல் மீ'ன்னு சொன்னா அந்த 'ங்க' வழியிலயே விழுந்துடுது, கேக்குறவருக்கு உத்தரவு போடுற மாதிரி இருக்கும். நீங்க சிரிச்ச முகத்தோட நல்லாத்தான் சொல்லியிருப்பீங்க, அவரு முகம் ஏன் சுருங்குச்சுன்னு உங்களுக்குப் புரியவே புரியாது. இங்கிலீஷ்ல பெரும்பாலும் கேள்வியா கேட்டாத்தான் மரியாதை. 'வெய்ட்' வேணாம், 'குட் யூ கிவ் மீ எ மினிட், ப்ளீஸ்?'னு கேளுங்க (இந்த 'குட்' வந்து 'கேன்'ங்கிறதோட பணிவான வடிவம்). 'வாட் யூ வாண்ட்?' வேணாம், 'ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?'. பேரு கேக்கணும்னா 'மே ஐ ஹேவ் யுவர் நேம், ப்ளீஸ்?'. 'வாட் இஸ் யுவர் குட் நேம்' நம்ம பக்கம்தான் ஓடும், வெளிநாட்டுக்காரங்க முழிப்பாங்க.

பாஸ்போர்ட் விஷயத்துல இது ரொம்ப முக்கியம். வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்த ஆன்லைன்ல பதிவு பண்ணியாகணும், சட்டம் அப்படி, அதனால பாஸ்போர்ட் கேக்காம விட முடியாது. 'மே ஐ சீ யுவர் பாஸ்போர்ட் அண்ட் விசா, ப்ளீஸ்?'னு கேட்டுட்டு காரணத்தையும் சேர்த்து சொல்லிடுங்க: 'வீ ஹேவ் டு ரெஜிஸ்டர் யுவர் ஸ்டே. ஐ வில் கிவ் இட் பேக் இன் ஃபைவ் மினிட்ஸ்.' ஊர் விட்டு ஊர் வந்தவங்களுக்கு பாஸ்போர்ட் கைய விட்டுப் போனாலே ஒரு பதட்டம் இருக்கும், அந்த 'கிவ் இட் பேக்'க கேட்டதும் முகம் தெளிஞ்சிடும்.

அடுத்தது கம்ப்ளெயின்ட். நம்மாளுங்க அதிகமா திணறுறது இங்கதான். நைட்டு பதினோரு மணிக்கு 204ல இருந்து ஒருத்தர் கோவமா கூப்பிட்டு 'தி ஏசி இஸ் நாட் வொர்க்கிங்'னு சொல்றாருன்னு வைங்க. வெறும் 'சாரி சார், சாரி சார்'னு சொல்லிட்டே இருந்தா அவருக்கு இன்னும் கடுப்பாகும், ஏன்னா அவருக்கு வேண்டியது யாரு வருவாங்க, எப்ப வருவாங்கங்கிற பதில். அதனால வரிசையா இப்படிப் பேசுங்க: 'ஐ ஆம் சாரி அபவுட் தட், சார். தி ஏசி இன் ரூம் டூ ஓ ஃபோர், ரைட்? ஐ வில் சென்ட் சம்ஒன் அப் ரைட் அவே. ஹீ வில் பி தேர் இன் டென் மினிட்ஸ்.' பிரச்சனைய நீங்க ஒரு தடவ திருப்பிச் சொல்றதுல ரெண்டு லாபம், அவருக்கு நீங்க கேட்டீங்கன்னு தெரியும், உங்களுக்கும் ரூம் நம்பர் சரியான்னு தெரிஞ்சிடும். அப்புறம் ஒரு கால் மணி நேரம் கழிச்சு நீங்களே கூப்பிட்டு 'இஸ் தி ஏசி வொர்க்கிங் ஃபைன் நவ்?'னு கேளுங்க. கோவமா இருந்தவரே அடுத்த நாள் காலையில வந்து குட் மார்னிங் சொல்லுவாரு. டெக்னீஷியன் வர அரை மணி நேரம் ஆகும்னு தெரிஞ்சா அரை மணின்னே சொல்லுங்க, அவர சமாதானப்படுத்தணும்னு பத்து நிமிஷம்னு சொல்லிடாதீங்க.

இல்லன்னு சொல்ல வேண்டி வந்தா மொட்டையா 'நோ ரூம்', 'நாட் பாசிபிள்'னு வேணாம். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ ஆர் ஃபுல் டுனைட், பட் ஐ கேன் செக் அனதர் ஹோட்டல் ஃபார் யூ.' பதில் தெரியலன்னா 'ஐ டோன்ட் நோ'ன்னு நிறுத்தாம 'லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ'. அவங்க பேசுனது புரியலன்னா தலையாட்டி சமாளிக்கவே கூடாது, அதுல வர்ற குழப்பம்தான் பெருசு. 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன், ஸ்லோலி?'ன்னு தைரியமா கேளுங்க. வர்றவங்கள்ல பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலின்னு நிறைய பேருக்கு இங்கிலீஷ் தாய்மொழியே கிடையாது, அவங்களும் கத்துக்கிட்டு பேசுறவங்கதான், உங்க இங்கிலீஷுக்கு மார்க் போட அவங்க வரல.

தலையாட்டுறதுன்னு சொன்னதும் இன்னொன்னு. நாம சரிங்கிறதுக்கு தலைய ரெண்டு பக்கமும் லேசா ஆட்டுவோம்ல, அது நிறைய பேருக்கு 'நோ' மாதிரி தெரியும். வாயத் திறந்து 'யெஸ், ஷுர்'னு சொல்லிடுங்க.

உச்சரிப்புக்கு ரொம்ப அலட்டிக்க வேணாம், நாலஞ்சு இடத்த மட்டும் கவனிச்சா போதும். தமிழ்ல ஒரே 'ப'தான் எழுத்து, அதனால பில், பில்லோ இதுல எல்லாம் எந்த சத்தம்னு கலந்துடும். பில்லுக்கு உதட்ட மூடி தொண்டையில அதிர்வோட சொல்லணும், தலகாணிக்கு சொல்றப்ப காத்து வெளிய வரணும், உள்ளங்கைய வாய் முன்னாடி வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும். நம்பர்ல தர்ட்டீன் தர்ட்டி, ஃபிஃப்டீன் ஃபிஃப்டி இது எல்லாருக்குமே தகராறுதான், அதனால 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்'னு பிரிச்சு சேர்த்து சொல்லிடுங்க. தேதி எழுதும்போது 7/8னு எழுதுனா நமக்கு ஆகஸ்ட் ஏழு, அமெரிக்காக்காரருக்கு ஜூலை எட்டு, புக்கிங்ல இது வந்தா பெரிய வம்பு, மாசத்த பேராவே சொல்லுங்க. 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'னா அமெரிக்காக்காரங்களுக்கு தரைத்தளம், அதனால 'ஒன் ஃப்ளோர் அப்'னு கைய மேல காட்டிடுங்க. ஃபோன்ல பேரு ஸ்பெல்லிங் வாங்குறப்ப 'என் ஃபார் நெல்லூர்'னு சொன்னா அவங்களுக்கு நெல்லூர் தெரியாது. விமானத்துல யூஸ் பண்ற ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா வரிசைய பிரிண்ட் எடுத்து கவுண்டர் உள்பக்கம் ஒட்டி வச்சுக்கங்க, எம்முக்கு மைக், என்னுக்கு நவம்பர், எஸ்ஸுக்கு சியர்ரா.

நாம இங்கிலீஷ்னு நெனச்சு பேசுற சில வார்த்தைங்க அங்க வேற. ஹோட்டல்னா அவங்களுக்கு தங்குற இடம் மட்டும்தான், சாப்பிடுற கடைக்கு ரெஸ்டாரன்ட்னு சொல்லுங்க. பார்சலுக்கு 'டேக்அவே', கரண்ட் போச்சுன்னா 'பவர் கட்', கீசருக்கு 'வாட்டர் ஹீட்டர்', ஒரு லட்சம்னா 'ஹண்ட்ரட் தௌசண்ட்'.

பழகுறது எப்படின்னா, ஒரு வாரத்துக்கு ஒரு சிச்சுவேஷன் மட்டும் எடுங்க. இந்த வாரம் செக் இன். கூட வேலை பாக்குறவங்கள கெஸ்ட்டா நிக்க வச்சு, கவுண்டர்லயே, கையில நிஜமாவே சாவிய வச்சுக்கிட்டு, சத்தமா பேசிப் பாருங்க, மனசுக்குள்ள சொல்றது கணக்குல வராது. செல்லுல ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா எங்க வேகமா ஓடுறீங்கன்னு உங்களுக்கே தெரியும். காதுக்குப் பழக பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் ஃப்ரீயாவே இருக்கு, தினம் கொஞ்ச நேரம் கேட்டா போதும்.

இன்னொரு வழி நிறைய பேருக்குத் தோணுறதில்ல. உங்க ஊர் ஹோட்டல்களுக்கு கூகுள் மேப்ஸ்ல வெளிநாட்டுக்காரங்க எழுதியிருக்கிற ரிவ்யூ எல்லாத்தையும் படிங்க, குறிப்பா ரெண்டு ஸ்டார், மூணு ஸ்டார் குடுத்தது. குழாய் ஒழுகுது, டவல் ஈரமா இருக்கு, பக்கத்து ரூம்ல சத்தம், இதுக்கெல்லாம் அவங்க என்ன வார்த்தை போடுறாங்கன்னு அப்படியே தெரியும். 'தி டாப் வாஸ் லீக்கிங்', 'தி ரூம் வாஸ் நாய்ஸி', 'தி டவல்ஸ் வேர் டேம்ப்'. இத நோட்டுல எழுதி ஒவ்வொன்னுக்கும் நீங்க கவுண்டர்ல என்ன பதில் சொல்லுவீங்கன்னு பக்கத்துலயே எழுதுங்க. எந்த கோர்ஸ்லயும் இவ்ளோ நேரா உங்க வேலைக்குப் பொருந்துற பாடம் கிடைக்காது.

ஃபோன் கால் மட்டும் கடைசியா வச்சுக்கங்க. முகம் தெரியாது, கைய காட்ட முடியாது, சத்தத்த மட்டும் வச்சு புரிஞ்சுக்கணும், அதனால நேர்ல பேசிக் கொஞ்சம் நாக்கு பழகுனதும் எடுங்க. எடுக்குறப்ப பேனா, பேப்பர் கையில இருக்கட்டும், முதல்ல ரூம் நம்பர எழுதுங்க, அவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க, எழுதுனத ஒரு தடவ திருப்பிப் படிச்சுக் காட்டிட்டு, அவரு வச்சதுக்கு அப்புறம் ஃபோன வைங்க.