கேள்வித்தாளை எடுப்பதற்கு முன்

கிராமங்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் வேலை பார்க்கப்போகும் இளம் உளவியலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் இரண்டு வாரம் யாரும் கேள்வித்தாளை வெளியே எடுக்கக் கூடாது என்பது என் முதல் விதி. போய் உட்காருங்கள், பழகுங்கள், பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த விதிக்குக் காரணம் ஒரு மூதாட்டி. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 தாளோடு என் மாணவி அவர் முன்னால் உட்கார்ந்தாள். "கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது?" மொழிபெயர்க்க வந்த பையன் கேட்டதும் அவர் அவனைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். "ஒன்றுமில்லை." ஒன்பது கேள்விக்கும் அதே பதில், மொத்தம் பூஜ்யம். அந்தப் பையன் அவருடைய மருமகளின் தம்பி. மருமகளோடு நடந்த சண்டைக்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதனால் மொழிபெயர்ப்பாளரை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். யார் இருந்தால் பேச வசதி என்று சிகிச்சைக்கு வந்தவரிடமே கேளுங்கள். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள்.

துன்பத்துக்கு அந்த மக்கள் வைத்திருக்கும் சொற்களை மாணவர்கள் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுபவர்கள் 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் பெஞ்சில் உட்கார்ந்து, மனக்கஷ்டத்தோடு வருபவர்களிடம் அந்தச் சொல்லிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அவர்களிடம் நம் மாணவர்கள் கற்க நிறைய இருக்கிறது.

அடுத்தது ரகசியம். சின்ன ஊரில் உங்கள் வண்டி எந்த வீட்டு வாசலில் நின்றது என்பது சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சிகிச்சைக்கு வருபவரோடு வேறு உறவு வேண்டாம் என்று பாடத்தில் படித்திருப்பார்கள். ஆனால் அவரையே கடையில் பார்ப்பீர்கள், கல்யாணத்தில் பக்கத்தில் உட்காருவீர்கள். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: "வெளியே பார்த்தால் நான் பேசலாமா, நீங்களாகப் பேசும்வரை இருக்கட்டுமா?" இந்த ஒரு வாக்கியத்தை என் மாணவர்களைப் பலமுறை சொல்லிப் பார்க்க வைக்கிறேன்.

வரலாறும் சொல்லித்தர வேண்டும். அந்த மக்களுக்குப் பொருந்தாத உளவியல் சோதனைகளைப் பயன்படுத்தியதற்காகவும், அவர்களுடைய குழந்தைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டபோது வாய்மூடி இருந்ததற்காகவும் ஆஸ்திரேலிய உளவியல் சங்கம் 2016-இல் அங்குள்ள பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஒரு கதவு திறக்கவில்லை என்றால் 'ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பு எழுதுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

மாணவர்களுக்கு மதிப்பெண் போடுவதில் ஊருக்கும் பங்கு கொடுங்கள். சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்பதை அந்தச் சிகிச்சையைப் பெற்றவர்தான் சொல்ல வேண்டும் என்றார் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தைச் சேர்ந்த செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். மாணவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நான் ஊர்ப் பெரியவர்களிடம் போய், "இந்தப் பிள்ளையைத் திரும்ப அனுப்பட்டுமா?" என்று கேட்கிறேன்.

அப்புறம், கிளம்பும் தேதியை வந்த முதல் வாரத்திலேயே ஊரில் சொல்லிவிட வேண்டும். அடுத்து வருபவரையும் கூட்டிக்கொண்டு, கடைசி மாதம் வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துவையுங்கள்.