ஆதார் நகல் கொடுக்கும் முன்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாடகை வீட்டுக்கும் சீட்டுக்கும் முழு ஆதாரையும் நீட்டுகிறார்கள். வேண்டாம். மைஆதார் தளத்தில் ‘மாஸ்க்டு ஆதார்’ டிக் செய்து இறக்குங்கள். முதல் 8 எண்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். நகலில் குறுக்காக, அச்செழுத்தின் மேலேயே ‘வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். பிரிண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களா? கம்ப்யூட்டரில் இறங்கிய ஃபைலையும் சேர்த்து, உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், எம்.சி. ரோடு துணிக்கடையில் பில்லுக்குப் போன் நம்பர் கேட்டால் தயங்காமல் மறுக்கலாம். ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கும் சட்டத்தில் வழி உண்டு: 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சம்மதம் பற்றிய பிரிவு நடைமுறைக்கு வந்ததும், சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.