மாட்டு ஏலத்துக்கு முந்தின நாள் மாலையே போய்விடுங்கள்

எங்கள் தொழுவத்தில் இப்போது ஆறு மாடுகள் நிற்கின்றன. அவற்றில் நான்கு ஏலத்தில் எடுத்தவை. பால் கேன்கள், தீவனம் நறுக்கும் இயந்திரம், இதை எழுதிக்கொண்டிருக்கும் மேசை எல்லாமே யாரோ ஒருவர் பண்ணையை மூடியபோது ஏலத்தில் வாங்கியவைதான். பதினொரு வயதில் பெரியப்பாவின் பின்னால் போய் நின்றதிலிருந்து கணக்கிட்டால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முதன்முறை ஏலத்துக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எப்போது கை தூக்க வேண்டும்?" கை தூக்குவது கடைசி இரண்டு நிமிட வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் அதிகம். அவற்றைப் பற்றித்தான் நானும் அதிகம் சொல்லப்போகிறேன்.

பண்ணை ஏலங்களில் பெரும்பாலும் எல்லாமே "இருக்கும் நிலையில்" விற்கப்படும். மூன்றாம் தரம் சொல்லி முடித்த நொடியிலிருந்து மாடு உங்களுடையது. அதன் நொண்டலும் உங்களுடையது. சினை, மடி குறித்து உறுதி தரும் ஏலங்களும் உண்டு. அப்படித் தந்தால் அது எழுத்தில் இருக்கிறதா, குறை தெரிந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே படித்துவிடுங்கள். வாய்வார்த்தையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெரியப்பா ஏல நாளன்று காலையில் போகவே மாட்டார். முந்தின நாள் மாலை, பால் கறக்கும் நேரத்துக்குப் போய் நிற்பார். ஏலத்துக்குக் கொண்டுவரும் மாட்டை ஒரு வேளை கறக்காமல் விட்டுவிடுவது பழைய தந்திரம். பால் தேங்கி மடி புடைத்து நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது பாத்திரம் நிறையப் பாலாகத் தெரியும். மாட்டுக்கோ அது வேதனை. அதனால் கறப்பதற்கு முன்பும் பின்பும் மடியைப் பார்க்க வேண்டும். நல்ல மடி கறந்த பிறகு சுருங்கி, துவைத்து மடித்த துணிபோல மெத்தென்று தொங்கும். கறந்த பிறகும் அதே பருமனில் கெட்டியாக நின்றால் அது சதை. பால் தருவது அதுவல்ல. முந்தின நாள் போக முடியாவிட்டால், பண்ணைக்காரரிடம் பேசி உங்கள் எதிரிலேயே கறக்கச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இதை நான் கற்றுக்கொண்டது நஷ்டத்தில். பெரியப்பா இல்லாமல் தனியாகப் போன முதல் ஏலத்தில், செவலைப் பசு ஒன்றை நடை அழகைப் பார்த்தே எடுத்துவிட்டேன். மறுநாள் காலை கறக்க உட்கார்ந்தபோது மூன்று காம்புகளில் பால் பீய்ச்சியது. வலது பின்காம்பில் நூல்போல ஒரு துளி வந்து நின்றுவிட்டது. மேலே தடவிப் பார்த்தால் அந்தப் பகுதி மட்டும் ஈரமான மரக்கட்டையைத் தொடுவதுபோல இருந்தது. பழைய மடிநோய். மாடு அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து நான்கு காம்பையும் என் கையால் ஒரு முறையாவது பீய்ச்சிப் பார்க்காமல் எந்த மாட்டையும் கேட்டதில்லை.

முதல் பீய்ச்சலைக் கறுப்பு நிறத் தட்டில் விடுங்கள். திரி, கட்டி, இரத்தச் சாயல், தண்ணீர்போன்ற நீர்த்த பால் எதுவும் இருக்கக் கூடாது. பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் பாலிலும் நோய் ஒளிந்திருக்கும். மடிநோய்ச் சோதனைத் திரவம் சிறு புட்டியில் கிடைக்கிறது. ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியாக எடுத்து, சம அளவு திரவம் ஊற்றிச் சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் சளிபோலக் கெட்டியாகும். கன்று ஈன்று சில நாட்களே ஆன மாட்டில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். சீம்பால் வரும் நாட்களில் நல்ல மடியும் அப்படிக் காட்டக்கூடும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பணம் கொடுத்து வாங்கும் மாட்டுக்குக் கட்டாயம் பல் பார்க்க வேண்டும். மாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும்தான், எட்டு. நடுவில் உள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து அகலமான நிலைப்பற்கள் ஏறத்தாழ 2 வயதில் முளைக்கும். அதன்பின் ஜோடி ஜோடியாக முளைத்து, 4 முதல் 5 வயதுக்குள் எட்டும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு தேய்மானத்தைப் பார்த்துத்தான் வயதைச் சொல்ல வேண்டும்: பற்கள் குட்டையாகி, இடையில் இடைவெளி விழுந்திருந்தால் வயதான மாடு. கொம்பில் உள்ள வளையங்களை எண்ணி ஈற்றுக் கணக்குச் சொல்பவர்கள் உண்டு. வளையத்தை அரத்தால் தேய்த்துவிட முடியும், பல்லை அப்படி மறைப்பது கடினம்.

"எத்தனையாவது ஈற்று, ஈன்று எத்தனை நாள்?" இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள். ஈன்ற ஆறாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரையில் பால் உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்ல இறங்கும். உச்சத்தில் நிற்கும் மாட்டின் பாலை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏழு மாதம் கறந்த பிறகும் ஓரளவு நிற்கும் பால் நல்ல மாட்டின் அடையாளம். அருகில் நிற்கும் கன்றையும் கவனியுங்கள். வேறு மாட்டின் இளங்கன்றைக் கட்டி, புதிதாக ஈன்றது என்று சொல்வதும் நடக்கிறது. கன்றை அவிழ்த்துவிட்டால் தெரிந்துவிடும்: சொந்தத் தாய் நக்கும், பிறர் தாய் உதைக்கும்.

சினை என்று சொன்னால் கால்நடை மருத்துவர் பார்த்த சான்று கேளுங்கள். கைவிட்டுப் பார்க்கும் சோதனையில் சுமார் இரண்டு மாதம் கடந்த சினையை அனுபவமுள்ள மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிடுவார். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். அதில் கடைசி இரண்டு மாதம் பால் வற்றவிட வேண்டும். ஆக, ஏழு மாதச் சினை மாட்டை எடுத்தால் உடனே பால் கிடைக்காது, தீவனச் செலவு மட்டும் இருக்கும். கிடேரிக் கன்று வாங்குபவர்களுக்கு இன்னொன்று: காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் 90 சதவீதத்துக்கு மேல் மலடு. வெளித்தோற்றத்தில் பெரும்பாலும் தெரியாது. "இது ஒற்றைக் கன்றா, இரட்டையா?" என்று கேட்க மறக்காதீர்கள்.

நடையைக் கடினத் தரையில் பாருங்கள். வைக்கோல் பரப்பிய இடத்தில் நொண்டல் தெரியாது. நிற்கும்போது நேராக இருந்த முதுகு நடக்கும்போது வளைந்தால் குளம்பில் வலி. மூக்கு ஈரமாக இருக்க வேண்டும். அசைபோட வேண்டும். ஓய்வாக நிற்கும் மாடு அரைமணி நேரமாகியும் ஒரு முறைகூட அசைபோடவில்லை என்றால் நான் அடுத்த மாட்டுக்குப் போய்விடுவேன். பின்னால் சாணம் காய்ந்து வழிந்த தடம், கழிச்சலின் தடம்.

நோய்ச் சோதனையில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். கன்று வீசும் நோயான புருசெல்லா, காசநோய் இரண்டுக்கும் சோதனை முடிவு காட்டச் சொல்லுங்கள். இரண்டுமே மனிதருக்கும் பரவும். காய்ச்சாத பால் ஒரு வழி, புருசெல்லாவுக்கு நஞ்சுக்கொடியையும் கருவையும் வெறுங்கையால் எடுப்பது இன்னொரு வழி. மாட்டின் மேல் உள்ள ஆசையால் குடும்பத்தையே நோயில் தள்ளிவிடக் கூடாது.

கருவிகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. டிராக்டரின் எஞ்சின் மேல் முதலில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ இயக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்புகிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். எண்ணெய் அளவுக்கோலை உருவிப் பாருங்கள்: எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. புல்கட்டு, வைக்கோல்கட்டு என்றால் கட்டின் நடுவில் கையை நுழையுங்கள். சூடோ பூஞ்சை வாடையோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஈரத்தோடு கட்டிய புல் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும்.

வீட்டுச் சாமான்கள் பெரும்பாலும் பெட்டி பெட்டியாகப் போகும். பார்வை நேரத்தில் ஒரு பெட்டியிலிருந்து நல்ல பொருளை எடுத்து இன்னொன்றில் போடுபவர்கள் இருப்பதால், காலையில் பார்த்த பெட்டியைக் கேட்பதற்கு முன் இன்னொரு முறை திறந்து பாருங்கள். அலமாரியின் பின்புறத்தில் சிறு துளைகளும் கீழே புதிய மரத்தூளும் இருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. வார்ப்பிரும்புச் சட்டியை விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல். கட்டில் மெத்தையை நான் எடுப்பதே இல்லை.

இனி ஏலம். முதலில் விதிகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அறிவிக்கும் விலைக்கு மேல் ஏலக்கட்டணம் உண்டா? குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்களா? பணம் எப்போது, எந்த வகையில் தர வேண்டும்? மாடு உருப்படிக்கு விலையா, எடைக்கு விலையா? இவற்றைவிட முக்கியமானது, பல உருப்படிகள் சேர்ந்து வரும்போது கேட்கும் தொகை ஒன்றுக்கா, மொத்தத்துக்கா என்பது. எட்டுப் பால் கேன்களுக்கும் சேர்த்து என்று நினைத்துக் கேட்ட ஒருவர், ஒரு கேனுக்கான விலை அது என்று பிறகு தெரிந்து எட்டு மடங்கு கட்டியதை நான் அருகில் நின்று பார்த்தேன். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உச்ச விலையை முந்தின நாள் இரவே வீட்டில் முடிவு செய்யுங்கள். மாடு தரும் பாலில் தீவனச் செலவு போக மாதம் எவ்வளவு எஞ்சும், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்ப வேண்டும் என்று பார்த்து, அத்தனை மாதத்துக்கு எஞ்சும் தொகையைக் கணக்கிடுங்கள். அதிலிருந்து வண்டி வாடகை, மருத்துவர் கட்டணம், ஏலக்கட்டணம் எல்லாவற்றையும் கழியுங்கள். வரும் எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். நான் உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்வேன். கையைத் தூக்கும்போது கண்ணில் படும்.

ஆரம்ப விலையை நீங்கள் சொல்ல வேண்டாம். இரண்டு மூன்று பேர் மோதி வேகம் தணிந்து, ஏலம் விடுபவர் "ஒரு தரம்" என்று இழுக்கும்போது தெளிவாகக் கை தூக்குங்கள். உங்களைத் தாண்டி விலை போனதும் அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். உங்கள் எண்ணைத் தாண்டிவிட்டது என்றால் கண்ணைப் பார்த்துத் தலையை ஒரு முறை ஆட்டி மறுத்துவிடுங்கள். தயங்கி நின்றால் மறுபடி உங்களிடமே வருவார். எதிரில் கேட்பவரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வேகம் நெஞ்சில் ஏறும். அந்த நேரத்தில் கையை மடக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் தள்ளி நில்லுங்கள். எனக்கு அது பல முறை உதவியிருக்கிறது.

எடுத்த பிறகு உடனே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள். விற்றவரிடம் போய் நில்லுங்கள். பண்ணை ஏலம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் முடித்துக்கொள்ளும் நாள்: முதுமை, கடன், சாவு ஏதோ ஒன்று. சென்ற முறை நான் எடுத்த மயிலைப் பசுவை வளர்த்த மூதாட்டி தூணில் சாய்ந்து நின்றிருந்தார். "அம்மா, இவளை எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பீர்கள்?" என்று கேட்டேன். அதுவரை பேசாமல் இருந்தவர் அருகில் வந்து அதன் கழுத்தைத் தடவியபடி சொன்னார்: "இடது பக்கம்தான் தாயி. முதலில் பின்காம்பைத் தொடு. சத்தம் போட்டால் பாலை அடக்கிக்கொள்வாள்." எந்த மருத்துவச் சான்றிலும் இது எழுதியிருக்காது. என்ன தீவனம், எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது தடுப்பூசி, முன்பு ஏதாவது நோய் வந்ததா என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கான அதே தீவனத்தை விலைக்குத் தருவார்களா என்றும் கேளுங்கள். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் வயிறு கெடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற மாடுகளோடு கட்டாதீர்கள். குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் நான்கு வாரம் தனிக் கொட்டில், தனித் தொட்டி, தனி வாளி. மற்ற மாடுகளைக் கறந்து முடித்த பிறகு கடைசியாகப் புது மாட்டைக் கறந்து, கையையும் செருப்பையும் கழுவிவிட்டு வெளியே வாருங்கள். காலையும் மாலையும் உடல்வெப்பத்தைக் குறித்துவையுங்கள். 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. பயண அலைச்சலில் முதல் சில நாள் பால் குறையும், பதறாதீர்கள். மயிலை முதல் நாள் பாதிதான் தந்தாள். ஒன்பதாம் நாள் காலையில் முழு அளவுக்கு வந்தாள். இருபத்தெட்டாம் நாள் இரண்டாவது நோய்ச் சோதனையின் முடிவைக் கையில் வாங்கிய பிறகுதான் அவளை அவிழ்த்து மற்றவற்றோடு கட்டினேன்.